புதுக்கோப்பு வகுத்தல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களுட் சிலர் நகைத்தல் கூடும். தமிழ்ப் பண்டிதரை மேடைக்கு அழைத்தால் சிலம்பைச் சொல்வார், கம்பனைச் சொல்வார். இவரோ கணிப்பொறியிற் படம் செய்தற்குக் கோப்பு திறக்கும் வகையைச் சொல்ல வந்திருக்கின்றாரே என்று பின்வரிசையில் ஓரன்பர் முணுமுணுத்தது எம் செவியிலும் விழுந்தது. அவர் கூற்றில் தவறில்லை. யாம் இத்துறையை முறையாகப் பயின்றவரல்லேம். ஆயினும், இதனை அறியாது யாம் செய்த பிழையொன்றால் நம் சங்கத்திற்கும், சிறப்பாக நம்முள் ஒரு மூதாட்டியார்க்கும் நேர்ந்த இழப்பு பெரிது. அதனை மறைத்து வைத்தல் நேர்மையன்று. மறைப்பின், இவ்வாண்டு மலரைச் செய்யவிருக்கும் இளைஞர்களும் அப்பிழையையே செய்வர். ஆதலின் முதற்கண் எம் பிழையைச் சொல்லி, பின்னர் அது நேராவண்ணம் கோப்பினை வகுக்கும் முறையைச் சொல்லுவோம்.

சில ஆண்டுகட்கு முன் மலரின் மேலட்டையைச் செய்யும் பணி எம்மிடம் விடப்பட்டதை உங்களுட் பலர் அறிவீர்கள். நம் மாணவர் விடுதி தொடங்கிய நாளில் எடுக்கப்பெற்ற குழுப்படம் ஓரன்பர் இல்லத்துக் கூடத்தில் மாட்டப்பட்டிருந்தது. 12 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உடைய கறுப்பு வெள்ளைப் படம் அது. தலைப்பாகையும் கோட்டும் அணிந்த பெரியவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, இளைஞர்கள் பின்னே நிற்க, இடப்புற ஓரத்தில் நான்கு பெண்மணிகள் ஒதுங்கி நின்றிருந்தனர். பெரியவர்களின் பெயர்கள் படத்தின் அடியில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அப்பெண்மணிகளின் பெயர்கள் இல்லை. விடுதிப் பிள்ளைகட்கு முதன்முதல் தம் வீட்டு நெல்லைக் குத்தி அரிசி அளந்தவர்கள் அவர்களே என்று முதியோர் சொல்வர். அந்நால்வருள் ஒருவர், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எண்பது வயதைக் கடந்த அம்மையாரின் தாயார். அத்தாயாரின் உருவம் அப்படத்திலன்றி வேறெதிலும் எடுக்கப்பெறவில்லை.

அப்படத்தை இரவலாகப் பெற்று, ஸ்கேனர் பொறியில் அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் படியெடுத்தோம். அதுவரை செய்தது சரியே. பின்னர், முந்தைய மலரின் அட்டை எவ்வாறிருந்தது என்று காண்பதற்காக, ஒருவர் கைப்பேசியில் அனுப்பியிருந்த சிறுபடம் ஒன்றைக் கணிப்பொறியிற் ‘காப்பி’ செய்து வைத்துக்கொண்டு, போட்டோஷாப்பைத் திறந்து, புதுக்கோப்பு வேண்டுமென்று கட்டளை கொடுத்தோம். உடனே ஒரு பெட்டி தோன்றிற்று. அதில் அகலம் 600, உயரம் 800 என்னும் எண்கள் முன்னரே நிரம்பியிருந்தன. பொறி தானே அறிந்து இட்டதுபோலும் என்று மகிழ்ந்து, ‘கிரியேட்’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டோம். கடைசியாகக் காப்பி செய்த படத்தின் அளவையே புதுக்கோப்பின் அளவாக நிரப்பி வைத்தல் அதன் வழக்கம் என்பதை அன்று யாம் அறிந்திலேம்.

நம் மலரின் அளவு கிரௌன் நாலில் ஒன்று. அஃதாவது ஏழரை அங்குலத்திற்குப் பத்தங்குலம். 600க்கு 800 என்பதும் அதே விகிதம். ஆதலின் திரையில் ஒரு குறையும் புலப்படவில்லை. எம் மாணவர் ஒருவரும் யாமும் ஒன்பது இரவுகள் அமர்ந்து, படத்தின் கீறல்களை நீக்கினோம், எழுத்துக்களை அமைத்தோம், ஓரம் கட்டினோம். ஸ்கேன் செய்த பெரும்படத்தை அச்சிறு கோப்பினுள் இட்டபோது அது நாற்புறமும் கரைகடந்து நின்றது. அதனை அப்போதே ஓர் எச்சரிக்கையாகக் கொண்டிருத்தல் வேண்டும்; யாமோ இழுத்துச் சுருக்கி உள்ளே அடக்கினோம். வேலை முடிந்தவுடன் அடுக்குகளையெல்லாம் ஒன்றாக்கி ஜேபெக் கோப்பாகச் சேமித்தோம். ஸ்கேன் செய்த பெருங்கோப்பு இடத்தை அடைக்கின்றதென்று, அதனை அழித்துவிடுமாறு மாணவரிடம் சொன்னவரும் யாமே. அவர்மேற் குற்றம் சிறிதும் இல்லை.

அட்டை அச்சாகி வந்தது. முகங்களெல்லாம் மார்கழிப் பனியினூடே கண்டாற்போல மங்கியிருந்தன. அச்சகத்தார்மேற் பழி சுமத்தி யாம் சில சொற்கள் பேசியதும் உண்டு. அதற்காகப் பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். ஏழெட்டுத் திங்கள் கழித்து, அம்மையார் தம் தாயாரின் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டத் தருமாறு கேட்டார். மூலப்படத்தை மீண்டும் பெறலாமென்று அவ்வில்லத்திற்குச் சென்றோம். வீடு கைமாறியிருந்தது. படம் பரணிற் கிடந்து கரையானுக்கு இரையாகியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 12 அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் எடுத்தமையால், யாம் அழித்த கோப்பின் அகலம் 7,200 புள்ளி. அதில் ஒரு முகம் அரையங்குலம். எனவே 300 புள்ளி. அதனை 600 புள்ளி அகலத்தில் அடக்கியபோது எல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கின. இன்று அத்தாயாரின் முகத்திற்கு எஞ்சியிருப்பன குறுக்கே 25 புள்ளிகள்.

நிற்க. புள்ளி, புள்ளி என்று யாம் சொல்வது யாதென்று தாய்மார்கள் கேட்கலாம். அவர்கட்கு இதனை விளக்குதல் மிக எளிது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடத் தொடங்கும்போது முதலிற் செய்வது என்ன? ஏழு புள்ளியா, பதினைந்து புள்ளியா என்று மனத்தில் வரையறுத்து, புள்ளிகளை வரிசையாக இடுகின்றீர்கள். இழை பின்னரே வருகின்றது. ஏழு புள்ளி வைத்த இடத்திற் பதினைந்து புள்ளித் தேரை இழுக்க முடியாது. கணிப்பொறிப் படமும் புள்ளிக் கோலமே. பிக்ஸல் என்னும் சிறு சதுரங்கள் வரிசை வரிசையாக நிற்க, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தைத் தாங்குகின்றது. புதுக்கோப்பு வகுத்தல் என்பது எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை புள்ளி, அப்புள்ளிகள் எவ்வெந்நிறங்களைத் தாங்கவல்லன என்பவற்றை முன்னரே முடிவு செய்தல். எம் துறையினர்க்குச் சொல்வதாயின், வெண்பா என்று வகுத்துக்கொண்டபின் அதனுட் கலித்தளை புகுதல் ஆகாது. பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் ஈற்றடி முச்சீரே பெறும். ஏடெழுதிய முன்னோரும் ஓலையை அளந்து வாரி, துளையிட்ட பின்னரே எழுத்தாணியைக் கையிலெடுத்தனர்.

இக்கருவியின் வரலாற்றையும் ஒருசிறிது சொல்லிவிடுவோம். 1987ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழக மாணவராயிருந்த தாமஸ் நோல் என்பார், தம் மாக்கின்டாஷ் பிளஸ் கணிப்பொறியின் கறுப்பு வெள்ளைத் திரையிற் சாம்பற் சாயல்களைக் காட்டுதற்கு ஒரு சிறு நிரல் எழுதினார். அவர் இளவல் ஜான் நோல் திரைப்படத் தந்திரக் காட்சிகள் அமைக்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றியவர். தந்தையாரோ வீட்டு நிலவறையில் இருட்டறை வைத்துப் படம் கழுவியவர். அண்ணனும் தம்பியும் கூடி வளர்த்த அந்நிரலே போட்டோஷாப் என்னும் பெயரால் 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. 2013 முதல் அதன் புதிய பதிப்புக்களைச் சந்தா கட்டியே பெறுதல் வேண்டும். அதற்கு வழியில்லாத மாணவர்கள் கிம்ப் என்னும் கருவியைக் கொள்ளலாம். 1995இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் தொடங்கியது அது, விலையில்லை. இரண்டிலும் ‘கன்ட்ரோல்’ விசையையும் ‘என்’ விசையையும் ஒருங்கே அழுத்தினால் புதுக்கோப்புப் பெட்டி தோன்றும்.

அப்பெட்டி தோன்றியவுடன் அதில் உள்ள எண்களை நம்பாதிருத்தலே முதற்கடன். அவை வேறு எதற்காகவோ வந்து அமர்ந்த எண்கள்.

இனி, இப்படம் எங்கே வாழப்போகின்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாளிலா, சுவரிலா, கைப்பேசித் திரையிலா? தாளுக்காயின் அலகை அங்குலம் அல்லது மில்லிமீட்டர் என்று மாற்றி, தாளின் அளவை இடுதல் வேண்டும். நம் மலருக்கு ஏழரை, பத்து. அத்துடன், அச்சானபின் கத்தியில் ஓரம் வெட்டுவார்களாதலின், நாற்புறமும் 3 மில்லிமீட்டர் மிகைவிட்டு, 196.5க்கு 260 மில்லிமீட்டர் என்று இடுதலே நன்று. மிகைவிடாமற் செய்த அட்டைகளில் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதைத் திருமண அழைப்பிதழ்களிற் கண்டிருப்பீர்கள். ஏ4 தாளாயின் 210க்கு 297. கைப்பேசியில் மட்டும் அனுப்பும் அழைப்பாயின் அங்குலக் கணக்கே வேண்டா. அலகைப் பிக்ஸல் என்று வைத்து 1,080க்கு 1,920 என்றிட்டால் நெடுந்திரை நிரம்பும்.

அடுத்தது ‘ரெசொலூஷன்’ என்னும் செறிவு. ஓரங்குலத்தில் எத்தனை புள்ளி என்பது. இவ்விடத்திலேதான் பலரும் தடுமாறுகின்றனர். நல்ல தாளில் ஆப்செட் முறையில் அச்சிடும் படத்திற்கு 300 வேண்டும் என்பது அச்சகத்தார் வழக்கு. ஏழரையை 300ஆற் பெருக்கினால் 2,250. பத்தைப் பெருக்கினால் 3,000. அஃதாவது 67,50,000 புள்ளிகள். யாம் வைத்தவை 4,80,000. பதினான்கில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அட்டை முழுவதையும் நிரப்ப முயன்றோம். மங்காமல் என் செய்யும்?

கணித்திரைக்கு 72 போதும் என்று இன்றும் சிலர் ஓதிவருகின்றனர். அதன் மூலம் யாதெனின், 1984இல் வந்த முதல் மாக்கின்டாஷின் திரையில் அங்குலத்திற்கு 72 புள்ளிகள் இருந்தன. அச்செழுத்தின் ‘பாயின்ட்’ என்னும் அளவும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்காகக் கொள்ளப்பட்டமையின், இரண்டும் பொருந்துமாறு அவ்வெண்ணை வைத்தனர். இன்றைய கைப்பேசித் திரைகள் அதனைப் பன்மடங்கு கடந்துவிட்டன. மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். அளவைப் பிக்ஸலில் இட்டீராயின், செறிவு என்ற இடத்தில் 72 எழுதினாலும் 300 எழுதினாலும் கோப்பில் ஒரு புள்ளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது வெறும் சீட்டு. அங்குலத்தில் இட்டீராயின் அவ்வெண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றது. இவ்வேற்றுமை விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. கிம்ப் கருவியில் இச்செறிவு முதற்பார்வைக்குத் தோன்றாது. மேல்நிலை விருப்பங்கள் என்னும் மடிப்பை விரித்தே காணவேண்டும்.

மிகுதியாக வைத்தல் எப்போதும் நன்று என்றும் எண்ணிவிடாதீர்கள். நம் இளைஞர் ஒருவர் விழாவிற்குப் பத்தடிக்கு ஆறடி பிளெக்ஸ் தட்டி செய்யப் புகுந்து, 300 என்றே வைத்தார். 120 அங்குலத்திற்கு 36,000 புள்ளி. 72 அங்குலத்திற்கு 21,600 புள்ளி. மொத்தம் 77 கோடிக்கு மேல். போட்டோஷாப்பின் இயல்பான கோப்புவகை ஒரு பக்கத்திற்கு 30,000 புள்ளிகளுக்கு மேல் ஏற்பதில்லை; அவருடைய கணிப்பொறியோ சுண்டெலியை அசைத்தால் மூச்சு வாங்கிற்று. சாலையின் மறுபுறத்தில் நின்று பார்க்கும் தட்டிக்கு 72 வைத்தாலே 8,640க்கு 5,184 புள்ளி வரும்; அது போதும்.

நிறமுறைக்கு வருவோம். திரை ஒளியாற் படம் காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டிக் காட்டும். அச்சு மையாற் படம் காட்டுவது. சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடும். முன்னதை ஆர்ஜிபி என்றும் பின்னதை சிஎம்ஒய்கே என்றும் வழங்குவர். திரையிற் சுடர்விடும் கிளிப்பச்சையும் மயில்நீலமும் தாளில் வாடிப்போவதற்குக் காரணம் இதுவே. அவ்வொளியை மை தரமாட்டாது. எதனில் தொடங்குவது என்பதில் தொழிலறிந்தோரிடத்தும் கருத்து வேற்றுமை உண்டு. எம் துணிபு இது: புகைப்படங்களை ஆர்ஜிபியிலேயே திருத்தி, அச்சுக்கென்று தனிப்படி ஒன்றைக் கடைசியில் மாற்றுக. எழுத்து மிகுந்த அழைப்பிதழாயின் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயைத் தெரிந்து, எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றையே வைக்க. என்னை? ஆர்ஜிபியில் எழுதிய கறுப்பெழுத்து பின்னர் மாற்றப்படுங்கால் நான்கு மைகளாகப் பிரியும். அச்சில் ஒரு மை மயிரிழை விலகினாலும் சிற்றெழுத்துக்கள் கலங்கும். பிறமொழிக்கு அது சிறு குறை. தமிழுக்கோ மெய்யின் தலையிலுள்ள புள்ளி மறைந்தால் எழுத்தே வேறாகிவிடும். தொல்காப்பியர் மெய்க்கு விதித்த புள்ளியை அச்சுமை அழிக்க விடலாமா?

கறுப்பு மை ஒன்றாலேயே அச்சாகும் நம் மாத இதழின் உட்பக்கங்கட்குச் சாம்பல் நிறமுறை போதும். ஒரு புள்ளிக்கு மூன்று எண்கட்கு மாற்றாக ஓரெண்ணே வேண்டப்படுதலின் கோப்பும் மூன்றில் ஒரு பங்காகும்.

நிறத்தின் ஆழம் 8, 16, 32 என்று கேட்கும். 8 என்பதில் ஒரு நிறத்திற்கு 256 படிகள். அன்றாட வேலைக்கு அது சாலும். வெளிறிய பழம்படத்தைச் செப்பனிடுங்கால் மட்டும் 16 கொள்க. பிக்ஸலின் வடிவம் சதுரம் என்றே இருக்கட்டும். அதனைத் தொடவே வேண்டா.

பின்னணி என்பது வெள்ளையா, ஒன்றுமில்லாத ஊடுருவு நிலையா என்பது. நம் சங்க முத்திரையை எவரோ வெள்ளைப் பின்னணியிற் செய்து ஜேபெக்காக வைத்துவிட்டமையால், மஞ்சள் அழைப்பிதழிலெல்லாம் நம் முத்திரை வெள்ளைச் சதுரமொன்றைச் சுமந்துகொண்டு வருகின்றது. பத்தாண்டாகக் காண்கின்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முத்திரை போன்றவற்றை ஊடுருவு பின்னணியில் தொடங்கி, பிஎன்ஜி வகையிற் சேமித்தல் வேண்டும். ஜேபெக் அந்நிலையைத் தாங்காது. மேலும், சேமிக்குந்தோறும் நுட்பங்களைச் சிறிது சிறிதாக உதிர்க்கும்.

பிழையாக வகுத்த கோப்பைப் பின்னர்ப் பெரிதாக்கிக்கொள்ள வழியில்லையா என்று கேட்பீர்கள். அளவை மாற்றும் கட்டளை உண்டு. சுருக்குதல் எளிது, பெருக்குதலோ, இரு புள்ளிகட்கிடையே இன்ன நிறம் இருக்கலாமென்று பொறி ஊகித்து நிரப்புவது. பெரும்படத்தைச் சிறுகோப்பினுள் இடும்போது ‘ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்’ என்னும் வகையாக இட்டால், எவ்வளவு சுருக்கினும் மூலப்புள்ளிகள் உள்ளே காக்கப்படும். அடுக்குகளோடு கோப்பைச் சேமித்தும் வைத்திருந்தால் எம் பிழையும் பாதியளவில் நின்றிருக்கும். அதனையும் யாம் செய்திலேம்.

இக்காலத்துச் செய்யறிவுப் பொறிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன என்று கேள்வியுற்று, அம்மையாரின் தாயார் முகத்தையும் அவற்றுள் ஒன்றினிடம் கொடுத்துப் பார்த்தோம். 25 புள்ளி அகலத்திலிருந்து கண்ணிமையும் புருவ மயிரும் தெரியும் ஒரு முகம் வந்தது. எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சட்டமிட்டு எடுத்துச்சென்று கொடுத்தோம். அம்மையார் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பின், “படம் அழகாயிருக்கிறது தம்பி. ஆனால் இது எங்கள் அம்மா இல்லை” என்றார். அவர் சொன்னது உண்மை. அப்பொறி ஆயிரமாயிரம் பிறர் முகங்களைப் பயின்று, இவ்விடத்தில் ஒரு கண் இவ்வாறிருக்கலாம் என்று வரைந்தது. அம்முகத்திற்கு உரியவர் எவரும் இல்லை. அச்சட்டத்தை யாமே திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

இவ்வாண்டு மலருக்கு அளவும் செறிவும் நிறமும் மேற்கூறியவாறு வகுத்த வெறுங்கோப்பு ஒன்றைச் செய்து, சங்க அலுவலகக் கணிப்பொறியில் வைத்திருக்கின்றோம். இளைஞர்கள் அதனைப் படியெடுத்தே வேலை தொடங்குக. மூலத்தின்மேற் கைவைக்க வேண்டா. உங்கள் இல்லங்களிலுள்ள பழம்படங்களை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவந்தால், அங்கேயே அங்குலத்திற்கு 600 வீதம் எடுத்து, டிஃப் வகையிற் சேமித்து, படத்தை அப்போதே உங்கள் கையில் திருப்பித் தருவோம். எடுத்த கோப்புக்கள் இரண்டு இடங்களில் இருக்கும். இனி எதையும் அழிக்கச் சொல்லும் உரிமை எமக்கில்லை என்று தலைவர் அவர்களிடம் எழுதியே கொடுத்துவிட்டோம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். அந்நாளிற் குழுப்படம் எடுத்தால், ஒரே மூலத்தகட்டிலிருந்து பல படிகள் போட்டுப் படத்தில் இருந்தோர் வாங்கிக்கொள்ளுதல் வழக்கம். நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் இருந்த படம் அது. கரையான் தின்றது ஒரு படியையே. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், சாமி படங்களின் பின்னே மற்றொரு படி கிடத்தல் கூடும். இடப்புற ஓரத்தில் நான்கு பெண்மணிகள் நிற்பர். இரண்டாமவர் தோளில் ஒரு குழந்தை சாய்ந்திருக்கும். அடையாளம் அதுவே. கிடைப்பின், துடைக்கவோ ஒட்டவோ செய்யாமல் அவ்வாறே கொணர்க.